விமானமும் ஊரும் ஆளும் மாறிய பிறகும் ஒரு விமானப்படை ஸ்குவாட்ரனை ‘அதே ஸ்குவாட்ரன்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2020 மே 27. ஊரடங்கு நேரம். கோவை பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கும் சூலூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தேஜஸ் போர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா நேரில் வந்து, 45-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) தேஜஸ் ஒன்றைத் தானே ஓட்டிவிட்டு, 18-ஆம் ஸ்குவாட்ரனை மறுபடியும் தொடங்கிவைத்தார். பக்கத்து வீட்டுத் தம்பி, “அண்ணா, விமானம் புதுசு, பைலட் புதுசு, இடமும் புதுசு. அப்புறம் எப்படி இது பழைய 18?” என்று கேட்டான். நீங்கள் கேட்டிருப்பதும் அதேதான். இருபது வருடம் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

18-ஆம் ஸ்குவாட்ரன் 1965 ஏப்ரல் 15 அன்று ‘நாட்’ (Gnat) என்ற சிறிய போர் விமானங்களோடு பிறந்தது. ‘ஃபிளையிங் புல்லட்ஸ்’ என்று பெயர். நாட் விமானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளங்கும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 22 அடிதான். ஒரு லாரி நீளம்கூட வராது. பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூரில் நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல் கட்டிய விமானம். இரண்டு 30 மி.மீ. பீரங்கி, ஒற்றை என்ஜின். எதிரி விமானம் வருகிறது என்றால் ஓடிப்போய் ஏறி, சட்டென்று மேலே போய் மறிப்பதுதான் வேலை. எரிபொருள் கொஞ்சம்தான் கொள்ளும் என்பதால் தளத்தைச் சுற்றித்தான் சண்டை.

அந்த வேலையின் உச்சம் 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். 1948 முதல் இருந்த சர்வதேச உடன்பாட்டின்படி, அந்தப் போர் தொடங்கும்வரை அங்கே போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. அதனால் அந்த மலையும் அந்தக் குளிரும் 18-இன் பைலட்களுக்குப் புதிது. அன்று காலை பெஷாவரிலிருந்து பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் வந்தன. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இரண்டு நாட் விமானங்கள் கிளம்பின. இரண்டாவதில் இருந்தவர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். ரன்வேயில் புழுதி அடங்கும்வரை காத்திருக்க அவருக்கு நேரம் கிடையாது. மேலே போன பிறகு துணை விமானமும் கண்ணில் படாமல் போக, தனியாகவே சண்டை போட்டார். இரண்டு சேபர்களைத் தாக்கினார் என்கிறது விருதுக் குறிப்பு. கடைசியில் அவருடைய நாட் விமானமும் விழுந்தது; உடல் கிடைக்கவில்லை. இன்றுவரை விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். ஸ்ரீநகரில் முதலில் இறங்கிச் செயல்பட்ட ஸ்குவாட்ரன் என்பதால், ‘காஷ்மீர் பள்ளத்தாக்கின் காவலர்கள்’ என்ற பெயரும் 18-க்கு உண்டு.

நாட் விமானத்துக்குப் பிறகு அதன் தம்பியான அஜீத். அதைத் தாண்டி வந்ததுதான் பெரிய மாற்றம்: மிக்-27.

இங்கேதான் வேலையே தலைகீழாகிறது. நாட் பைலட் வானத்தைப் பார்த்தவன். மிக்-27 பைலட் தரையைப் பார்க்க வேண்டியவன். மூக்கில் ரேடார் கிடையாது. பைலட்டுக்குக் கீழே நன்றாகத் தெரியட்டும் என்றே மூக்கைச் சரித்து வைத்திருப்பார்கள். இறக்கை விரியும், மடங்கும்: கிளம்பும்போது 16 டிகிரி, வேகம் பிடிக்கும்போது 72 டிகிரி. தாழப் பறந்து, குண்டைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வயிற்றுக்கடியில் ஆறு குழல் கொண்ட 30 மி.மீ. பீரங்கி, விசையை விடாமல் பிடித்தால் மூன்று நான்கு நொடியில் இருக்கிற குண்டு மொத்தமும் காலி. அந்த அதிர்வு விமானத்தையே உலுக்கும். சுட்டுவிட்டு வந்த மிக்-27 நின்றதும் நாங்கள் முதலில் பார்ப்பது தரையிறங்கும் விளக்கையும் பேனல்களையும்தான்.

நான் 18-இல் இருந்ததில்லை. வேறொரு மிக்-27 ஸ்குவாட்ரனில் இருந்தேன். ஆனாலும் அங்கே காலை எப்படி விடியும் என்று எனக்குத் தெரியும். டார்மாக்கில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், எல்லோரும் வரிசையாக நின்று, குனிந்தபடி நடந்து, ஒரு சிறு கல், ஒரு ஆணி இருந்தாலும் பொறுக்குவோம். என்ஜின் உறிஞ்சிவிட்டால் போச்சு. ஆபீசர், ஏர்மேன் என்ற பேதம் அதில் கிடையாது.

18 கடைசியாக மிக்-27 ஓட்டியது மேற்கு வங்கத்தில், பூடான் எல்லையோரம் உள்ள ஹாசிமாராவில். 2015 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அங்கே வந்து அதற்கு நிஷான் கொடுத்தார். ஒரு ஸ்குவாட்ரனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கௌரவம் அந்தக் கொடி. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2016 ஏப்ரல் 15 அன்று 18-ஐ ‘நம்பர் பிளேட்’ செய்துவிட்டார்கள். பிறந்த அதே தேதியில், சரியாக 51 வருடம் கழித்து.

நம்பர் பிளேட் என்றால் கலைப்பதல்ல, எண்ணை உறங்க வைப்பது. எங்கள் ஸ்குவாட்ரனுக்கும் அது நடந்தது. ஆட்களுக்கு ஒவ்வொருவராக போஸ்டிங் வரும். டூல் ரூமில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் வடிவிலேயே ஓர் இடம் வரைந்திருக்கும்; ஒன்று குறைந்தால் விமானம் கிளம்பாது. அந்தப் பலகையில் ஒருநாள் எல்லா இடமும் காலியாக, வெறும் கோட்டோவியங்களாக நின்றதைப் பார்த்தேன். கடைசிப் பறத்தலுக்குப் பிறகு, இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் பிரேக் பாரசூட்டை ரன்வேயிலிருந்து எடுத்து வந்து, இனி மடிக்கத் தேவையில்லை என்று தெரிந்தும், இரண்டு பேர் உட்கார்ந்து ஒழுங்காக மடித்து வைத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை, யாருமே திறக்கவில்லை.

விமானம் போய்விடும், ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். ஆனால் எண், சின்னம், நிஷான், முதல் நாளிலிருந்து எழுதி வந்த ஸ்குவாட்ரன் டயரி, பெற்ற விருதுகள் எதுவும் கலைவதில்லை. புது விமானம் வரும்போது புது எண் போடாமல் இவற்றை எழுப்பி அதன் கையில் கொடுப்பார்கள். 2020-இல் சூலூரில் நடந்தது அதுதான். 24 வயதில் 18-க்கு வரும் ஒரு பைலட் செகோனின் ஸ்குவாட்ரனுக்கு வருகிறான். இதை வெறும் சடங்கு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஓடுபாதையில் குண்டு விழும்போது கிளம்பு என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது. இங்கே ஒருவர் அப்படிக் கிளம்பினார் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

தேஜஸோடு வேலை மறுபடி மாறியது. வானில் மறிக்கவும் வேண்டும், தரையில் தாக்கவும் வேண்டும்: நாட் விமானத்தின் வேலையும் மிக்-27-இன் வேலையும் ஒரே விமானத்தில். 18-க்கு வந்த தேஜஸ் பறந்துகொண்டே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் என்பதால், நாட் காலத்து ‘தளத்தைச் சுற்றித்தான்’ என்ற கட்டும் இல்லை.

சூலூரின் இன்னொரு தேஜஸ் ஸ்குவாட்ரனான 45-இன் கதையும் இப்படித்தான். 1959-இல் வாம்பயர் விமானங்களோடு தொடங்கி, 1965 போரில் ஜம்முவின் சம்ப் பகுதியில் சேபர்களிடம் அடிபட்டு, பிறகு மிக்-21-க்கு மாறியது. 1999 ஆகஸ்டில் குஜராத் எல்லையில் பாகிஸ்தானின் அட்லாண்டிக் ரோந்து விமானத்தை வீழ்த்தியபோது 45 இருந்த இடம் நலியா. அப்புறம் அதுவும் உறங்கி, 2016 ஜூலையில் இரண்டே தேஜஸோடு பெங்களூரில் எழுந்து, 2018-இல் சூலூர் வந்தது.

2024-இல் 18 சூலூரை விட்டு அதே நலியாவுக்குப் போனது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வருத்தம். “நம்ம ஊர் ஸ்குவாட்ரன் போயிடுச்சே அண்ணா” என்றான். நான்கு வருடம் முன்னால் ‘இது எப்படிப் பழைய 18’ என்று கேட்டவன் அவன்.