மிக்ஸி இல்லாமல் காலிஃபிளவர் சாதம் செய்ய முடியுமா?

முடியும். அரிசி சேர்க்காமல், காலிஃபிளவரையே துருவிச் சோறு மாதிரி செய்வதுதான் இது. கேரட் துருவுகிற துருவி ஒன்று, சுத்தமான வேட்டித் துணி ஒன்று, அகலமான வாணலி ஒன்று. அவ்வளவுதான்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூ வாங்கினால் கெட்டியாக, வெள்ளையாகப் பார்த்து எடுங்கள். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம், புழு போக. பலரும் சொதப்புவது இதற்கு அப்புறம்தான்: ஈரத்தோடே துருவிவிடுவார்கள், சாதம் கூழாகிவிடும். நானும் முதல் தடவை கூழ்தான் குடித்தேன். துணியில் பரப்பி நன்றாக உலர்ந்த பிறகு, பெரிய கண்ணில் துருவுங்கள். துருவியதை அதே துணியில் முடிச்சுக் கட்டிப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர்கூட வரும்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், சீரகம், பச்சை மிளகாய். துருவலைப் போட்டு, மூடாமல், ஐந்து நிமிடம் கிளறுங்கள். மூடினால் ஆவியில் குழையும். உப்பு கடைசியில்.

நூறு கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம்; காலிஃபிளவரில் 5 கிராம்தான். அரிசி ருசி வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் புளி விட்டு ஒரு தொக்கு வைத்துப் பிசைந்து பாருங்கள், தட்டு காலியாகிவிடும்.