திரை பழசு, கேம் மட்டும் பளிச்சென்று தெரியுமா?

கேள்வி: என்னிடம் 1080பி மானிட்டர்தான் இருக்கிறது. கேமில் மரக்கிளை, கம்பிவேலி எல்லாம் பல் பல்லாகத் தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா தரும் டி.எஸ்.ஆர்., ஏ.எம்.டி. தரும் வி.எஸ்.ஆர்., இந்த இரண்டு வசதியில் எது நல்லது?

பதில்: இரண்டும் 2014-ல் வந்தவை, வேலையும் ஒன்றேதான். கேமைப் பெரிய ரெசல்யூஷனில் வரைந்து, அதைச் சுருக்கி உங்கள் திரையில் காட்டும். வித்தியாசம் சுருக்கும் விதத்தில். டி.எஸ்.ஆரில் மொத்த பிக்சல் எண்ணிக்கையை 1.20 முதல் 4 மடங்கு வரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், படத்தை மென்மையாக்க ஸ்மூத்னெஸ் என்று ஒரு ஸ்லைடரும் உண்டு, அது 33 சதவீதத்தில் இருக்கும், அப்படியே விட்டால் படம் லேசாக மங்கும். 4 மடங்கு (உங்கள் திரைக்கு அது 4கே) வைத்தால் நாலு பிக்சல் சரியாக ஒன்றாகிவிடும், அப்போது ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள், அவ்வளவு தெளிவு! வி.எஸ்.ஆரில் இந்தத் தொல்லை கிடையாது, ஏ.எம்.டி.யின் அட்ரினலின் மென்பொருளில் ஆன் செய்துவிட்டு கேமுக்குள் ரெசல்யூஷனை மாற்றினால் போதும், ஆனால் படத்தைச் சுருக்கும் ஃபில்டரை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

என்னைக் கேட்டால், என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். கார்டு இருப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 2022-ல் வந்த டி.எல்.டி.எஸ்.ஆரை, அதாவது ஏ.ஐ. உதவியோடு சுருக்கும் டி.எஸ்.ஆரைப் போடுங்கள். அதில் 2.25 மடங்கு என்றால் 2880 x 1620, 4கே-யை விட கார்டுக்குச் சுமை ரொம்பக் குறைவு, வேலி, இலையெல்லாம் அருமையாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: இதில் ஸ்லைடரைக் குறைத்தால் கூர்மை அளவுக்கு மீறிப் போய்விடும், நான் 80-க்கு மேலேதான் வைப்பேன். அப்புறம், சில பழைய கேம்களில் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிவிடும்.

இதற்காகப் புதுக் கார்டு வாங்காதீர்கள், இருக்கிற கார்டில் முதலில் போட்டுப் பாருங்கள்.