மாமா வரட்டும், கேஸ் பக்கம் மட்டும் வேண்டாம்

"அக்கா, இங்கிலாந்தில், லீட்ஸில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹீட்டிங் பாய்லர் போய்விட்டது. புதிதாக மாட்ட ஆள் சொல்கிற கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கோத்தகிரியிலிருந்து மாமா மூன்று மாதம் வந்து இருக்கப்போகிறார், முப்பது வருஷம் பிளம்பிங் பார்த்தவர். நாங்களே மாட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

சரியான நேரத்தில்தான் கேட்டீர்கள். லீவுக்குக் குன்னூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பின்கட்டில் தாத்தா காலத்துச் செப்புப் பாய்லர் இன்னும் ஓடுகிறது. நடுக்குழாயில் சீகைச் சுள்ளி எரிய, சுற்றிலும் தண்ணீர் காய்கிறது. மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கில் ஒரு சொம்பு வெந்நீர் வரும். கொதித்தால் ஆவி தன்பாட்டுக்கு வெளியே போய்விடும். வாய் திறந்த பாத்திரம், வெடிக்க வழியில்லை. உங்கள் மாமா மனதில் பாய்லர் என்றால் இதுதான் இருக்கும். உங்கள் சமையலறைச் சுவரில் தொங்குவது, கேஸில் தண்ணீரைக் காய்ச்சி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்குக் குழாய் வழியாகச் சுற்றவிடுகிற, வாய் மூடிய சாமான். வித்தியாசம் அங்கேதான்.

முதலில் கேஸ். பாய்லரை மாட்டுவது, கேஸ் குழாயைத் தொடுவது, புகைபோக்கி இணைப்பது, இந்த மூன்றும் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் (கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பட்டியல் அது) பதிவான ஆளின் வேலை. வருகிறவரிடம் அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். வேலை முடிந்து அவர் பதிவு செய்தால் சான்றிதழ் தபாலில் வரும். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான்.

தாளைவிட உயிர் பெரிது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி நம் மலையில் புதிதா? அதே கார்பன் மோனாக்சைடுதான், புகைபோக்கி இணைப்பு சரியில்லாவிட்டால் அங்கேயும் வரும். கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லும், ஏனென்றால் அதற்கு வாடை சேர்த்துத்தான் விடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல் இருந்து, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அலாரம் ஒன்று வாங்கி பாய்லர் இருக்கிற அறையிலேயே வையுங்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனித் தண்ணீர்ப் பக்கம். இங்கேதான் நாங்கள் சிக்கிக்கொண்டோம். அங்கே நாங்கள் வாங்கிய முதல் வீட்டில், பாய்லரில் தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் முள் வாரம் தவறாமல் இறங்கிவிடும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை காட்டவேண்டியது பூஜ்யத்தில் கிடக்கும். என் வீட்டுக்காரர் அடியில் இருக்கிற ஃபில்லிங் லூப்பை, அதாவது வீட்டுக் குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் இணைப்பை, திறந்து தண்ணீர் ஏற்றுவார், முள் ஏறும், வேலை முடிந்தது என்று டீ போடப் போய்விடுவார். இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது. பிறகு ரேடியேட்டர்கள் மேலே சூடாகவும் கீழே ஐஸாகவும் ஆயின. (மேலே ஜில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் அது வெறும் காற்று. ரேடியேட்டர் சாவியால் திறந்து காற்றை விட்டால் போதும்.)

பழுது பார்க்க வந்த பெரியவர் பாய்லரைத் தொடவே இல்லை. நேராக வெளிச்சுவருக்குப் போனார். அங்கே சுவரைப் பார்த்து வளைந்த சின்னச் செப்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே செங்கல்லில் பச்சைப் பாசி. "தண்ணீர் போகிற இடம் இதுதான்" என்றார். உள்ளே வந்து எக்ஸ்பான்ஷன் வெசலின் (காற்று அடைத்த சின்னத் தொட்டி அது) வால்வை (கார் டயரில் இருக்குமே, அதே மாதிரி) நகத்தால் அழுத்தினார். காற்று வரவேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் வந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்திருந்தது.

100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். தாத்தாவின் பாய்லரில் அது மூக்கு வழியாக வழிந்துவிடும். மூடிய குழாய்க்குள் அதற்கு இடம் கொடுப்பது அந்த வெசலில் இருக்கிற காற்றுதான். காற்று இல்லையென்றால் அழுத்தம் எகிறும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து, அந்த வெளிச்சுவர்க் குழாய் வழியாகக் கொட்டும், ஆறியதும் முள் பூஜ்யம். நாங்கள் ஏற்றிய ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஆக்சிஜனைக் கொண்டுவந்து ரேடியேட்டரை உள்ளேயே துருவாக்கியது. அந்தக் கறுப்புச் சேற்றில் காந்தம் வைத்தால் ஒட்டும். மாமாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: வெளிச்சுவர்க் குழாய் சொட்டுகிறதென்று மூடி போட்டு அடைத்துவிடக் கூடாது, எகிறுகிற அழுத்தம் வெளியே போகிற வழி அதுதான். கை துறுதுறுவென்று இருக்கிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

மாமாவுக்கு வேலை இல்லாமல் போகாது. ரேடியேட்டர் தொங்கவிடுவது, தரைப்பலகைக்கு அடியில் செப்புக் குழாய் இழுப்பது எல்லாம் அவருக்கு ஒரு வார வேலை. பிளாஸ்டிக் குழாய் போட்டால் ஆக்சிஜன் புகாத 'பேரியர்' ரகமாகப் பார்த்து வாங்குங்கள், பாய்லரிலிருந்து முதல் ஒரு மீட்டருக்குச் செப்புதான். செப்பு சூட்டில் நீளும். மரத்தோடு இறுக்கிப் பொருத்தினால் ராத்திரி யாரோ நடக்கிற மாதிரி டிக் டிக்கென்று சத்தம் வரும். கொஞ்சம் இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். பலகையை மூடுமுன் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பிறகு நன்றாகக் கழுவி விட்டு, துருத் தடுப்பு மருந்து ஊற்றுங்கள். இன்ஹிபிட்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள்.

ஆனால் கேஸ் ஆளிடம் முன்கூட்டியே பேசி, 'குழாய் நாங்கள், பாய்லர் நீங்கள்' என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். எல்லாம் முடித்துவிட்டுக் கூப்பிட்டால் அடுத்தவன் வேலைக்குப் பொறுப்பேற்க முடியாதென்று பலர் வரமாட்டார்கள்.

இன்னொன்று. ஊட்டியில் உறைபனி விழுந்து புல் வெள்ளையாகிற காலையில் வெளிக்குழாயில் தண்ணீர் வராது, தெரியும்தானே? புது பாய்லரில் புகை குளிர்ந்து சேர்கிற சொட்டுநீர் வெளியே போகிற பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் ஓடினால் அங்கும் அதே கதைதான், குழாய் உறைந்து பாய்லர் நின்றுவிடும். முடிந்தவரை உள்ளேயே கொண்டுபோய் வடிகாலில் சேர்க்கச் சொல்லுங்கள். உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கென்றே பின்கதவு ஓரம் ஒரு சொம்பு இருக்கிறது, குன்னூரிலிருந்து கொண்டுபோனது.