மாத்திரைக்குப் பின் தோலில் வருவது: தோல் மருத்துவர் பதில்கள்

வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டால் ஒவ்வொரு தடவையும் உதட்டோரம் அதே இடத்தில் எரிந்து கறுக்கிறது. உடம்புச் சூடா டாக்டர்?

சூடு இல்லை, அந்த மாத்திரைதான். சில மருந்துகளுக்கு எதிராகக் கிளம்பும் வெள்ளையணுக்கள் தோலின் ஓரிடத்திலேயே தங்கிவிடும். அதே மருந்து மறுபடி உள்ளே போனால் சில மணி நேரத்தில் அங்கேயே வேலையைக் காட்டும். உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமான இடங்கள். பிறப்புறுப்பில் வந்தால் பால்வினை நோயோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய. கோட்ரைமாக்சசோல், டினிடசோல், டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள் எல்லாம் இதைச் செய்யும். கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். மாத்திரையை விடாமல் கிரீம் மட்டும் தடவுவது வீண். அடுத்த முறை அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் எங்களால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

தம்பிக்கு வலிப்புக்காகக் கார்பமசெபின் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். அம்மை என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்த வேளை கார்பமசெபின் வேண்டாம். வலிப்புக்கு வேறு மருந்தை அங்கே பார்த்துத் தருவார்கள். வீட்டில் ஃபெனிடாயின் இருக்கிறதே என்று நீங்களாக மாற்றாதீர்கள், அதுவும் இதே ஜாதி.

நான் சந்தேகப்படுவது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய். 1922-ல் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களைப் பார்த்து எழுதிய மருத்துவர்களின் பெயர் அது. மருந்து தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் வருவதுதான் இதன் வழக்கம். அம்மையில் நீர்க் கொப்புளம் அரிக்கும். இதில் தோல் வலிக்கும், தொட்டால் உரியும். வாயும் கண்ணும் சேர்ந்து புண்ணாவதுதான் பெரிய அடையாளம். உடம்பில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் தோல் உரிந்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தவர்களுக்கும் இமை ஒட்டிப் பார்வை கெடலாம். அதனால் முதல் நாளே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் ஆம்புலன்ஸில்!

யூரிக் ஆசிடுக்கு அலோபுரினால் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். இதைப் படித்தால் பயமாக இருக்கிறதே சார்?

அலோபுரினாலும் அந்த ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயை வரவழைக்கக்கூடியதுதான். ஆனால் உங்களுக்கு இரண்டு வருடம் ஒத்துக்கொண்ட மருந்து. ஆபத்து பெரும்பாலும் முதல் இரண்டு மாதம்தான். நிறுத்தாதீர்கள். ஆனால் மூட்டுவலி எதுவும் இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியதற்காக மட்டும் இதை ஆரம்பித்தவர்கள், அது தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது.

அம்மா தொழுநோய்க் கூட்டு மருந்து எடுக்கிறார். முகம் கறுத்துவிட்டது, கோயிலுக்குக்கூடப் போக மாட்டேன் என்கிறார்.

அந்தக் கூட்டில் உள்ள குளோஃபசிமின் தரும் நிறம் அது. மருந்து முடிந்த பிறகு, மெதுவாக, சில மாதங்களில் மங்கும். மாதம் ஒருமுறை சிறுநீர் சிவப்பாகப் போவது ரிஃபாம்பிசினால். அதற்கும் பயம் வேண்டாம். இரண்டுக்காகவும் மருந்தை நிறுத்தினால் நரம்பு கெடும், அது திரும்பாது. ஆரம்ப வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தால் மட்டும் அதே கூட்டில் உள்ள டாப்சோன் மேல் சந்தேகப்பட்டு உடனே போக வேண்டும்.

மெடிக்கலில் கொடுத்த கிரீமால் முகம் பளிச்சென்று ஆனது. விட்டால் சிவந்து எரிகிறது. தொடரலாமா?

டியூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டீராய்டு. நாளாக நாளாகத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியும், பரு வரும், முடி முளைக்கும். விட்டதும் எரிவதால்தான் எல்லோரும் மறுபடி தடவுகிறார்கள். தொடர வேண்டாம், தோல் மருத்துவரைப் பார்த்துக் கிரீமை விடுங்கள். சில மாதம் பொறுமை வேண்டும்.

இதையெல்லாம் எங்கே புகார் செய்வது?

புகார் என்று நினைக்க வேண்டாம், தகவல்தான். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் அரசுத் திட்டத்துக்குக் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே பேசலாம், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.