கடை எரிந்தது சரி, ரஹீம் செத்தது?

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். போன மாதம் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' போட்டேன். முடிந்ததும் ஒரே சண்டை. "வேலை கொடுத்த முதலாளியின் கடையையே உடைக்கிறவன் எப்படி ஹீரோ?" என்று பாதிப்பேர். "கறுப்பினப் படம் என்றாலே அழுகையும் போலீசும்தானா?" என்று மீதிப்பேர். கடைசியாக ஒருவர், "நாமும் கறுப்புதானே, நமக்கெல்லாம் தெரிந்த கதைதான்" என்று சொல்லி முடித்துவைத்தார். என்னால் யாருக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வகைப் படங்களைத் தொடர்ந்து போடலாமா? எதைப் போடுவது, எப்படிப் பேசுவது?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: தாராளமாகப் போடுங்கள். சண்டை வந்ததற்காகத் தயங்க வேண்டாம். அந்தப் படம் போன இடத்திலெல்லாம் அதுதான் நடந்திருக்கிறது. 1989இல் அமெரிக்காவில் வெளியானபோது, இதைப் பார்த்துவிட்டுக் கறுப்பின இளைஞர்கள் கலவரத்தில் இறங்கிவிடுவார்கள் என்று பெரிய பத்திரிகைகளிலேயே எழுதினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வருடத்தின் சிறந்த பட ஆஸ்கரை வாங்கியது, ஒரு வெள்ளைக்கார மூதாட்டியும் அவருடைய கறுப்பின டிரைவரும் நண்பர்களாகிற 'டிரைவிங் மிஸ் டெய்சி'. ஸ்பைக் லீயின் படம் அந்தப் பிரிவின் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. நடிகை கிம் பேசிங்கர் ஆஸ்கர் மேடையில் நின்றே இதைச் சொல்லிக் குறைப்பட்டார். அவ்வளவு துணிச்சல் அன்று வேறு யாருக்கும் வரவில்லை.

முதலில், தான் வேலை பார்க்கும் பீட்சா கடையின் கண்ணாடியை மூக்கி குப்பைத்தொட்டியால் உடைக்கிற விவகாரத்தைப் பார்ப்போம். உங்கள் விவாதத்தில் ரஹீம் என்ற பெயரை யாராவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் இல்லை. நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு தெரு, கொளுத்துகிற வெயில், ஒரே ஒரு நாள். இத்தாலிய அமெரிக்கரான சால் அங்கே 25 வருடமாக பீட்சா கடை நடத்துகிறார். சுவரில் மாட்டியிருப்பதெல்லாம் இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்களின் படங்கள். சாப்பிட வருகிறவர்களோ பெரும்பாலும் கறுப்பர்கள். எங்கள் ஆட்களின் படத்தையும் மாட்டு என்று ஒருவன் கேட்கிறான். சொந்தமாகக் கடை வைத்து அதில் மாட்டிக்கொள் என்கிறார் சால். இரவில் அது முற்றுகிறது. அந்தத் தெருவின் கறுப்பின இளைஞன் ரஹீமின் பெரிய ரேடியோவை சால் பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குகிறார், அடிதடி, போலீஸ். லத்தியைக் கழுத்துக்குக் கீழே கொடுத்து, கால் தரையில் படாதபடி தூக்கி நெரித்து, தெருவே பார்த்துக் கத்திக்கொண்டிருக்க ரஹீமைக் கொல்கிறார்கள். உடலை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மூக்கி குப்பைத்தொட்டியைத் தூக்குவது இதற்குப் பிறகு.

மூக்கி ஏன் அப்படிச் செய்தான் என்று தன்னிடம் இத்தனை வருடமாகக் கேட்பவர்கள் வெள்ளையர்கள்தான், ஒரு கறுப்பர்கூடக் கேட்டதில்லை என்று ஸ்பைக் லீ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடைக்கு என்ன ஆயிற்று என்று சிலர் பார்க்கிறார்கள், ஆளுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் பார்க்கிறார்கள். அதற்காக மூக்கி செய்தது சரி என்று படம் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். முடிவில் கறுப்பினத் தலைவர்களான மார்ட்டின் லூதர் கிங்கின் மேற்கோள் ஒன்று, மால்கம் எக்ஸின் மேற்கோள் ஒன்று. வன்முறை கூடாது என்று ஒன்று, தற்காப்புக்கு என்றால் அதை வன்முறை என்றே சொல்லமாட்டேன் என்று இன்னொன்று. இரண்டையும் போட்டுவிட்டு லீ ஒதுங்கிக்கொள்கிறார். சாலையும் அவர் வில்லனாக்கவில்லை. இந்தத் தெருப் பிள்ளைகள் என் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் என்று அவர் பெருமைப்படுவது பொய்யில்லை. கோபம் தலைக்கேறியதும் அவர் வாயில் வருகிற இனவெறி வசையும் பொய்யில்லை.

கடைசியில் வருகிற சமர்ப்பணப் பெயர்களைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. அதில் மைக்கேல் ஸ்டூவர்ட் 1983இல் நியூயார்க் போலீஸ் காவலில் உயிரிழந்த இளம் கலைஞர். மைக்கேல் கிரிஃபித் 1986 டிசம்பரில் நண்பர்களோடு போன கார் பழுதாகி, ஹோவர்ட் பீச் பகுதியில் ஒரு பீட்சா கடைக்குள் போனவர். வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று துரத்த, நெடுஞ்சாலையில் ஓடி, கார் மோதி இறந்தார். படத்தில் பீட்சா கடை ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? இந்த இரண்டு செய்தியையும் படத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் உங்கள் கூட்டத்தின் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

இனி, "நாமும் கறுப்புதானே." இந்த வசனம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. எதிர்க் கடைக்காரரான கொரியர், கூட்டம் தன் பக்கம் திரும்பியதும் துடைப்பத்தை வீசிக்கொண்டு நானும் கறுப்பன்தான் என்று கத்துகிறார். கூட்டம் சிரித்துவிட்டு அவரை விட்டுவிடுகிறது. அவர் சொன்னது உண்மையா, உயிர் பிழைக்கச் சொன்னதா? அதற்கு முன்பு இன்னொரு காட்சி: சாலின் மூத்த மகன் பீனோவுக்குக் கறுப்பர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவனுக்குப் பிடித்த விளையாட்டு வீரர் மேஜிக் ஜான்சன், நடிகர் எடி மர்ஃபி, பாடகர் பிரின்ஸ். அவர்களும் கறுப்பர்கள்தானே என்று மூக்கி மடக்கினால், அவர்கள் வேறு என்கிறான். எனக்கு அந்தப் படத்திலேயே மிகக் கூர்மையாகப் படுகிற இடம் இதுதான். அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு காட்சியை மட்டும் ஓட்டிப் பேசினாலே ஒரு மணி நேரம் போய்விடும்.

இந்தியர்களைப் பற்றியே பேச வேண்டுமென்றால் மீரா நாயரின் 'மிசிசிப்பி மசாலா'வைப் போடுங்கள், 1991இல் வந்தது. இயக்குநர் இந்தியர் என்பதால் இதைக் கறுப்பினச் சினிமா என்று சொல்ல முடியாது, அது வேறு. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய ஓர் இந்தியக் குடும்பம் அமெரிக்கத் தெற்கில் மோட்டலில் பிழைக்கிறது. மகள் ஒரு கறுப்பின இளைஞனைக் காதலிக்கிறாள், வீடு கொதிக்கிறது. அந்த இளைஞனாக வரும் டென்சல் வாஷிங்டன் பெண்ணின் அப்பாவிடம், எங்கள் நிறத்திலேயே வந்து இறங்கினீர்கள், இறங்கியதும் வெள்ளைக்காரர்போல நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்கும் இடம் வரும்போது, உங்கள் நண்பரின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

அழுகையும் போலீசும்தானா என்பவர்களுக்கு சார்லஸ் பர்னட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்'. கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோது, பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் எடுத்தார். ஆட்டுத் தொட்டியில் வேலை பார்க்கும் ஸ்டான், அவன் மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான். பழைய என்ஜின் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, மூச்சு முட்டப் படியிறக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி கிளம்பியதும் அது பின்னால் விழுந்து உடைகிறது. சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாது. அவர்களை அடிக்க ஒரு வெள்ளைக்காரர் திரைக்குள் வரத் தேவையே இல்லை. பாட்டுகளுக்கு உரிமை வாங்கப் பணமில்லாமல் 2007 வரை இந்தப் படம் முறையாகத் திரையரங்குக்கே வரவில்லை.

போலீஸ் இருந்தே தீரும் என்றால் அதையும் எப்படி மாற்றிக் காட்டலாம் என்பதற்கு ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017). கடைசியில் கறுப்பின நாயகன் உயிர் தப்பிச் சாலையில் கிடக்கும்போது சிவப்பு நீல விளக்கோடு ஒரு கார் வருகிறது. சாதாரணமாகப் பேய்ப்படத்தில் போலீஸ் வந்தால் அப்பாடா என்றிருக்கும். இங்கே வயிறு கலங்குகிறது. முதலில் எடுத்த முடிவில் அவன் கைதாகிச் சிறைக்குப் போவான். பீல் பிறகு அதை மாற்றினார்.

இத்தனையும் நேற்று வந்த பேச்சு இல்லை. 1915இல் டி.டபிள்யூ. கிரிஃபித் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' எடுத்தார். கறுப்பு மை பூசிய வெள்ளை நடிகர்கள் காமுகர்களாக வருகிறார்கள், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் குதிரையேறி வந்து ஊரைக் காப்பாற்றுகிறது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வில்சனுக்கே போட்டுக் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளான் மறுபடி உயிர்பெற்றது. அடுத்த சில வருடங்களில், தன் நாவல்களைத் தானே சுமந்து விற்ற ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின எழுத்தாளர் படமெடுக்க இறங்கினார். அவருடைய 'விதின் அவர் கேட்ஸ்' (1920), கும்பல் ஒன்று அப்பாவிக் குடும்பத்தைத் தூக்கிலிடுவதைக் காட்டுகிறது. 1919 கோடையில் சிகாகோ கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள். அதனால் இந்தப் படமும் கலவரத்தைக் கிளப்பும் என்று அங்கே தணிக்கையில் இழுத்தடித்தார்கள். கிளானைப் புகழ்ந்த படம் ஜனாதிபதியின் வீட்டுக்குப் போனது, பலியானவர்களைக் காட்டிய படத்துக்குத்தான் பயம் வந்தது. 1989இல் விமர்சகர்கள் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

மிஷோ தன் ஆட்களையும் விடுவதில்லை. வெள்ளைக்காரர்களிடம் உதை வாங்கிக்கொண்டு இளிக்கிற ஒரு பாதிரியார் அதில் உண்டு. கதவைத் தாண்டி வெளியே வந்ததும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே கழன்றுவிடும். சில நொடிதான். அதைத் தவறவிடாதீர்கள்.

ஆகவே வரிசை: முதலில் மிஷோ, அப்புறம் பர்னட், அப்புறம் பீல், இந்தியர் பேச்சு மறுபடி வந்தால் மீரா நாயர். மிஷோவின் படம் காப்புரிமைக் காலம் முடிந்தது. ஸ்பெயினில் கிடைத்த பிரதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993இல் மீட்டெடுத்தது, இணையத்தில் கிடைக்கிறது. புதிதாக இசை சேர்த்த பிரதி என்றால் மட்டும் அந்த இசைக்கு உரிமை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கிலிடும் காட்சியோடு ஒரு பாலியல் வன்முறை முயற்சியும் வருவதை அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். பார்க்க விரும்பாதவர் அந்த இடத்தில் எழுந்து போகட்டும். படம் முடிந்ததும் "பிடித்ததா" என்று ஆரம்பிக்க வேண்டாம். யாருடைய பெயர் நினைவிருக்கிறது என்று கேட்டு ஆரம்பியுங்கள்.