வெள்ளத்தில் நின்ற கார்: சாவியைத் திருகாதீர்கள்

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன மழையில் கீழ்த்தள பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்து, காரில் சீட் மட்டத்துக்கு நின்றது. வடிந்ததும் என் கணவர் ஸ்டார்ட் செய்து பார்த்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முழு இன்சூரன்ஸ் கட்டியும் இன்ஜினுக்குப் பணம் கிடையாது என்கிறார்கள். சரிதானா? அடுத்த மழைக்கு என்ன செய்வது?

பதில்: அந்த ‘டக்’ சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது, அம்மா. காற்று போகிற வழியாக இன்ஜினுக்குள் தண்ணீரும் இறங்கியிருக்கும். காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சாவியைத் திருகியதும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் போய் முட்டும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா நின்றிருந்தால் தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றிப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய இன்ஜின் அது. அதனால்தான் இதை வெள்ளச் சேதமாகப் பார்க்காமல் பின்விளைவுச் சேதம் என்று சொல்லி மறுக்கிறார்கள். சாதாரண முழு பாலிசியில் அது பொதுவாக அடங்காது. ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ என்ற ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு, தனியாக எடுக்க வேண்டும். அதன் நிபந்தனைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அதற்காக சீட், வயரிங், கார்ப்பெட் பணத்தையும் விட்டுவிடாதீர்கள். அவை வெள்ளத்தால் கெட்டவை, முழு பாலிசியில் அடங்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். ‘ஜீரோ டெப்’ என்ற ஆட்-ஆன் இருந்தால் அந்தக் கழிவு இருக்காது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாகப் படாவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

அடுத்த முறை எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அது சரியான புத்தி. ஆனால் சரிவுப்பாதையில் தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு, தயவுசெய்து யாரையும் கீழே அனுப்பாதீர்கள். 2022 செப்டம்பரில் தென் கொரியாவின் போஹாங் நகரில், கீழ்த்தளத்திலிருந்து காரை எடுக்கப் போன குடியிருப்புவாசிகள் ஏழு பேர் அங்கேயே மூழ்கி இறந்தார்கள். தண்ணீர் அந்த வேகத்தில் நிரம்பும். கார் போனால் போகட்டும்.

தண்ணீர் வடிந்ததும் கதவில் படிந்த சேற்றுக்கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை கழுவ வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, வண்டியை டோ செய்துதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: என் ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினால் ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்குத்தான் அது. வெள்ளத்துக்கு, உங்கள் வண்டியின் சேதத்துக்கே பணம் தரும் ‘ஓன் டேமேஜ்’ பாலிசி வேண்டும். அதைத் தனியாகவும் எடுக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.