அம்மாவின் சைக்கிள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் கடைக்குட்டி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கியபோது ஒரு போட்டோ கிடைத்தது. தாவணி போட்ட பெண் ஒருத்தி ஆண்கள் சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறாள். பின்பக்கம் 1992 என்று எழுதியிருந்தது. என் அம்மா! அப்போது அவருக்கு என் வயதுதான். கேட்டால், "அறிவொளியில ஓட்டினேன், இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று பிடுங்கி வைத்துவிட்டார். பெரியம்மாதான் மீதியைச் சொன்னார். தாத்தா தன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டாராம். அம்மா இரண்டு நாள் பட்டினி கிடந்து சாவியை வாங்கினாராம். அதே அம்மா, நான் கோயம்புத்தூரில் படிக்கிறேன் என்றால், "பொட்டப்புள்ளையத் தனியா அனுப்ப மாட்டேன்" என்கிறார். அந்தப் போட்டோவை முன்னால் வைத்துச் சண்டை போடலாமா?

ஒரு மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்

அன்பு மகளுக்கு,

அந்த வருடம் நானும் அங்கேதான் இருந்தேன். கீரனூர் பக்கம் ஒரு கிராமத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டர். உன் அம்மாவை எனக்குத் தெரியாது, அந்தச் சிரிப்பைத் தெரியும்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியபோது எழுத்துச் சொல்லித் தருவதுதான் வேலை. அதோடு சைக்கிளையும் சேர்த்தவர் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளிடமும் பேசினார்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் கூடுவார்கள். ஒரே வாடகை சைக்கிள், பதினைந்து பேர். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடலில் தொடங்குவார்கள். கல் உடைக்கப் போகும் அக்கா ஒருவர் விழுந்து முழங்கால் கிழிந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி அதில் அப்பிக்கொண்டு, "வண்டியப் பிடி தம்பி" என்று மறுபடி ஏறினார். டீக்கடைப் பெஞ்சில் இருந்து வந்த பேச்சை இங்கே எழுத மாட்டேன். அதைக் கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளில் பழகியவர்கள், அப்புறம் அதையே விரும்பினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் அம்மா தாத்தாவிடம் சாவி கேட்டபோது வாசலுக்கு வெளியே அவர் வயதுப் பெண்கள் பத்துப் பேராவது காத்திருந்திருப்பார்கள். பின்னால் மாவட்ட நிர்வாகமே நின்றது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருந்தது. நீ கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறும்போது அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். "தனியா" என்று அம்மா சொன்னாரே, அவருடைய பயம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் மாறிவிட்டார் என்று நான் நம்பவில்லை.

நீ போய்ப் படிக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் போட்டோவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதே. முப்பது வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார், அது அவருடைய பொருள். உன் வகுப்பில் அதே ஊருக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் யார் யார் என்று விசாரி. ஒருத்தி கிடைத்தாலும் வீட்டுக்குக் கூட்டி வா. விடுதியைப் பார்க்க அம்மாவையும் அழைத்துப் போ. முடிந்தால் டீச்சர் ஒருவரை வந்து பேசச் சொல்.

சண்டை போட நினைத்த நாளில், அதற்குப் பதிலாக ஒன்று கேள். சாவி கைக்கு வந்த அன்று முதலில் எங்கே ஓட்டிப் போனார்? என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.